தண்ணீர் போகும் வழியைக் காணோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் சனிக்கிழமை வீடு-மனை இணைப்பில், பழைய பண்ணைவீட்டுப் பாணியில் எளிமையான குளியலறை அமைப்பது பற்றி இரண்டு பக்கத்துக்குப் படங்களோடு வந்த கட்டுரையை என் மருமகள்தான் கொண்டுவந்து கொடுத்தாள். “அத்தை, நம்ம பழைய சாளையைப் பாத்து எழுதுன மாதிரியே இருக்குதுங்க” என்றாள். சாளை என்றால் எங்கள் பக்கத்தில் தோட்டத்து வீடு. கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு படம் விடாமல் பார்த்தேன். பூசாத செங்கல் சுவர் இருந்தது. தாமிரத் தொட்டி இருந்தது. பழைய மரப்பலகையில் செய்த மேடை, மூங்கில் ஏணியில் தொங்கும் துண்டு, மூலையில் ஒரு மண்பானை எல்லாம் இருந்தன. குளித்த தண்ணீர் எந்த வழியாக வெளியே போகிறது என்பது மட்டும் எந்தப் படத்திலும் இல்லை. கட்டுரையிலும் அதைப் பற்றி ஒரு வரி கிடையாது. அதற்காகத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகிவிட்டது. இடம் போதாவிட்டால் வெட்டிக்கொள்ளுங்கள், ஆனால் வாட்டம், அதாவது தரையின் சரிவு, பற்றி எழுதியிருக்கும் பத்தியில் மட்டும் கை வைக்க வேண்டாம்.

நான் ஆனைமலைப் பக்கம் ஒரு தென்னந்தோப்புக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றேன். எங்கள் தோட்டத்துச் சாளையை மகனும் மருமகளும் செப்பனிட்டு, வெளியூர்க்காரர்கள் வந்து தங்கிப் போகிற இடமாக இப்போது நடத்துகிறார்கள். ஆகவே பழைய பண்ணைவீட்டில் குளித்தவளும் நான்தான், அதைப் பார்த்துப் புதிதாகக் கட்டும்போது கொத்தனாரோடு மல்லுக்கு நின்றவளும் நான்தான்.

பழையது எப்படி இருந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குப் பின்னால் பொடக்காலியில், மாட்டுக் கட்டுத்தரைக்குப் போகிற வழியில் இருந்து ஒதுங்கி, மூன்று பக்கம் ஆள் உயரத்துக்கு மண்சுவர். நாலாவது பக்கம் தென்னந்தடுக்கு. மேலே கூரை கிடையாது. கீழே ஒரே ஒரு கருங்கல் பலகை, ஒருவர் மணை போட்டு உட்கார்ந்து தாராளமாகக் குளிக்கலாம். பக்கத்தில் கல்தொட்டி. சுவரோடு சேர்த்துச் சுடுதண்ணி அடுப்பு, அதில் கழுத்து வரைக்கும் பதித்துப் பூசிய செப்பு அண்டா. அடுப்பின் வாய் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்ததால் உள்ளே குளிப்பவருக்குப் புகை வராது. வெளியே நின்று யாராவது பன்னாடையும் தேங்காய்த் தொட்டியும் போட்டு எரித்துக்கொண்டிருப்பார்கள். சுவரில் இரண்டு மாடக்குழி, ஒன்றில் சீயக்காய்க் கிண்ணம், மற்றதில் அரப்புத் தூள். பிடித்து எழுந்திருக்க ஒரு கல்தூண். அவ்வளவுதான். இப்போது மினிமலிஸம் என்று எதைச் சொல்கிறார்களோ, அதற்கு மேல் அங்கே கழிக்க ஒன்றும் இருக்கவில்லை.

அந்தக் கல்லைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதன் மேல்முகத்தில் உளி கொத்திய புள்ளிகள் நெருக்கமாக இருக்கும். காலை வைத்தால் பிடித்துக்கொள்ளும், ஆனால் குத்தாது. எண்ணெய்க் குளியல் அன்று தலையிலிருந்து வழியும் நல்லெண்ணெயும், அரப்புக் கொழகொழப்பும் சேர்ந்தால் எந்தத் தரையும் வழுக்கும். இந்தக் கல் வழுக்காது. வருஷக்கணக்கில் கால் பட்டுப் பட்டுப் புள்ளிகள் மழுங்கிவிடும் அல்லவா, அதற்கும் வழி வைத்திருந்தார்கள். அம்மி, ஆட்டுக்கல் கொத்துகிறவர் வரும்போது, கையோடு குளிக்கிற கல்லையும் கொத்திவிடச் சொல்வார் என் மாமியார். கல்லின் ஓரத்தை ஒட்டி விரல் அகலத்துக்கு ஒரு பள்ளம் வெட்டியிருந்தது. தண்ணீர் நாலாபக்கமும் ஓடாமல் அந்தப் பள்ளத்தில் இறங்கி, மூலையில் இருந்த துளை வழியாகச் சுவருக்கு வெளியே போகும். வெளியே வாழை. வாழையைத் தாண்டி சேம்பு. குளித்து முடித்த பத்தாவது நிமிடம் கல்லின் மேல் ஈரம் இருக்கும், தண்ணீர் இருக்காது. வெயில் ஏறியதும் ஈரமும் போய்விடும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி ஆடியில் வருகிற காற்று எங்கள் பக்கம் எப்படி என்று பொள்ளாச்சி, உடுமலைக்காரர்களுக்குத் தெரியும். மழைக்காலத்தில் வெயில் இல்லாத குறையை அந்தக் காற்று தீர்த்துவிடும்.

எனக்குத் தெரிந்து அந்த இடத்தின் எளிமை முழுக்க இதில்தான் இருந்தது. தண்ணீரை நிறுத்தி வைக்கவில்லை. நிற்காத இடத்தில் பாசி பிடிக்காது, நாறாது, பூச்சுத் தேவையில்லை, வாசனைத் திரி தேவையில்லை. செங்கல்லும் மரமும் பின்னால் வந்த சங்கதி.

இனி வாட்டம். ஐந்தடி நீளத் தரைக்கு ஒரு அங்குலம் இறக்கம் கொடுத்தால் தண்ணீர் தானாக ஓடும். இது பெரிய ரகசியம் ஒன்றுமில்லை, எந்தக் கொத்தனாரைக் கேட்டாலும் சொல்வார். சொல்வார், ஆனால் செய்யும்போது பெரிய டைல்ஸ் வந்துவிட்டது. இரண்டடிக்கு நாலடி பலகையை வளைக்க முடியாது, நாலு பக்கத்திலிருந்தும் நடுத்துளைக்கு இறக்க வேண்டுமானால் மூலைவிட்டமாக வெட்ட வேண்டும். வெட்டினால் படத்தில் இருக்கிற மாதிரி ஒரே பரப்பாகத் தெரியாது. அதனால் வாட்டத்தைக் குறைத்துவிடுகிறார்கள். துளையை நடுவில் வைக்காமல் ஒரு சுவரை ஒட்டி நீள வாக்கில் கால்வாய் மாதிரி வைத்தால், தரை முழுவதையும் ஒரே பக்கமாகச் சாய்த்துவிடலாம், பெரிய கல்லும் போடலாம். எங்கள் பழைய கல்லின் ஓரப் பள்ளம் செய்த வேலை அதுதான். வாட்டம் சரியா என்று பார்க்க ரசமட்டம் மட்டும் போதாது. தரைக்கல் ஒட்டும் முன்பு ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு நின்று பாருங்கள், எங்கே குளம் கட்டுகிறது என்று கண்ணுக்கே தெரியும். நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு அடித்த பிறகு துளையை அடைத்துவிட்டு ஒரு நாள் முழுக்கத் தண்ணீரை நிறுத்தி வைத்துக் கீழே ஓதம் இறங்குகிறதா என்றும் பார்க்க வேண்டும். மாடியில் கட்டுகிறவர்கள் இதைச் செய்யாமல் ஒரு கல்லைக்கூட ஒட்டக் கூடாது.

நம் வீடு-மனைப் பக்கங்கள் இந்த விஷயத்தைத் தொடாததற்குக் காரணம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். வாட்டத்தைப் படம் எடுக்க முடியாது.

கோவையில் எங்கள் உறவுக்காரர் ஒருவர் அடுக்குமாடியில் இப்படி ஒரு குளியலறை செய்திருந்தார். யார் வடிவமைத்தது என்பதெல்லாம் இங்கே வேண்டாம். புதுமனைப் புகுவிழாவில் பார்த்தபோது அழகாகத்தான் இருந்தது. அந்த அறைக்குச் சன்னல் இல்லை, காற்று வெளியே போக ஒரு சின்ன விசிறி மட்டும். அடுத்த ஐப்பசி மழைக்குள்ளேயே செங்கல் முகத்தில் உப்புப் பூத்துவிட்டது. கையால் தேய்த்தால் வெள்ளை மாவு மாதிரி கொட்டியது. கை கழுவும் தாமிரப் பேசினைச் சுற்றிப் பச்சைக் களிம்பு. பேசினைத் தாங்கும் பலகை பழைய தேக்கு என்று சொன்னார்கள், இருக்கலாம். அடிப்பக்கம் தொட்டுப் பார்த்தேன், கரேல் என்று பூசணம் பூத்திருந்தது. அங்கே மரப்பலகை வைப்பது, பட்டுச்சேலை கட்டிக்கொண்டு நாற்று நட வந்த மாதிரி. கருப்பு நிறக் குழாய்கள் வேறு. நம் ஊர் போர் தண்ணீரில் இருக்கிற உப்புக்கு, கருப்புக் குழாயில் ஒவ்வொரு சொட்டும் வெள்ளைத் தடமாக நிற்கும். தினமும் துடைக்க ஆள் இருந்தால் கருப்புக் குழாய் வாங்குங்கள். அந்த வீட்டில் துடைப்பவர் யார் என்று கேட்கவில்லை, பார்த்தாலே தெரிந்தது.

அப்புறம் அந்தத் தள்ளு கதவு. பழைய தொழுவக் கதவு மாதிரி, மேலே இரும்புத் தண்டவாளத்தில் உருட்டித் தள்ளுவது. கட்டுரையிலும் இருக்கிறது. சுவருக்கும் கதவுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி இருக்கும். சத்தமும் போகும், வாசனையும் போகும். மாமனார், மாமியார், வந்துபோகிற சம்பந்தி என்று நாலு பேர் புழங்கும் வீட்டில் அது வேலைக்கு ஆகாது என்பதை நான் இதைவிட நாகரிகமாகச் சொல்லத் தெரியாமல் நிறுத்திக்கொள்கிறேன்.

படங்களில் பாதி வெளிநாட்டுப் பண்ணைவீடுகள் போல இருந்தன. வெள்ளை அடித்த பலகைச் சுவர், அறை நடுவே தனியாக நிற்கும் குளியல் தொட்டி. இவ்வளவு காலம் வரலாறு நடத்தியவள் என்பதால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. அந்த நாடுகளின் பழைய பண்ணைவீடுகளிலும் பெரும்பாலும் குளியலறை என்று ஒரு அறையே இருக்கவில்லை. தகரத் தொட்டியைச் சமையலறை அடுப்புக்கு முன்னால் இழுத்துப் போட்டு, அடுப்பில் காய்ந்த தண்ணீரை ஊற்றி, வாரத்துக்கு ஒருமுறை, பெரும்பாலும் சனிக்கிழமை, வீட்டில் உள்ளவர்கள் வரிசையாக அதே தண்ணீரில் குளித்தார்கள். முடிந்ததும் தூக்கிக்கொண்டுபோய் வெளியே கொட்டினார்கள். தொட்டி சுவரோடு ஒட்டாமல் நின்றது அதனால்தான். அமெரிக்காவில் 1930களின் நடுவில்கூடப் பத்துப் பண்ணையில் ஒன்றில்தான் மின்சாரம் இருந்தது. 1935இல் ரூஸ்வெல்ட் அரசு கிராம மின்மயத்துக்கென்று தனி அமைப்பு தொடங்கிய பிறகே பெரும்பாலான பண்ணைகளுக்குக் கம்பி போனது. பெரும்பாலும் கம்பி போன பிறகுதான் பம்பு, பம்புக்குப் பிறகுதான் வீட்டுக்குள் குழாய். குழாய் வந்ததும் அந்த ஊர்ப் பெண்கள் தகரத் தொட்டியைத் தூக்கி எறிந்திருப்பார்கள். அதைத்தான் இப்போது பேரன் பேத்திகள் காசு கொடுத்து வாங்கி நடுவில் வைக்கிறார்கள்.

நம் ஊர்க் கதையும் படத்தில் தெரிகிற அளவுக்கு இனிமையானது அல்ல. பொடக்காலியில் நாங்கள் குளித்த இடத்துக்குக் கதவு கிடையாது. தோட்டத்தில் ஆம்பளைகள் நடமாட ஆரம்பிக்கும் முன்பு பெண்கள் குளித்துவிட வேண்டும். என் மாமியார் கடைசி வரைக்கும் கோழி கூப்பிடும் முன்பே குளித்துப் பழகியவர். உடம்பு முடியாத நாளிலும், மார்கழிக் கூதலிலும் அந்த நேரம் மாறாது. ஆண்களுக்கு அந்தக் கவலை இல்லை. மோட்டார் தொட்டியில் விழுகிற தண்ணீரில் பட்டப்பகலில் குதித்து ஆடிவிட்டு வருவார்கள். வீட்டுக்குத் தூரமான நாட்களில் பெண்கள் கல்தொட்டியைத் தொடக் கூடாது, இன்னொருத்தி மொண்டு ஊற்ற வேண்டும். பண்ணையத்து ஆட்கள்தான் கிணற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து அந்தத் தொட்டியை நிரப்பினார்கள், அவர்களுக்கும் அதைத் தொட அனுமதி இல்லை. இதையும் சேர்த்துத்தான் பழைய பண்ணைவீடு. கக்கூஸ் பற்றிப் பேசவே வேண்டாம், வெளிக்குக் காட்டுக்குத்தான் போக வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போதுகூடத் தமிழ்நாட்டுக் கிராமங்களில் நாலில் மூன்று வீட்டில் கழிப்பறை இல்லை. ஆகவே பழையதை அப்படியே கொண்டுவாருங்கள் என்று நான் சொல்லமாட்டேன். உயரமான சன்னலும் உள்தாழ்ப்பாளும் இல்லாத குளியலறையை எவ்வளவு அழகாகக் கட்டினாலும் என் மாமியார் உள்ளே கால் வைத்திருக்க மாட்டார்.

எங்கள் சாளையைச் செப்பனிட்டபோது நடந்ததைக் கொஞ்சம் சொல்கிறேன், கட்ட நினைப்பவர்களுக்கு உதவும். வரைபடம் போட்ட இளம் பொறியாளர் நல்ல பையன். அறை முழுவதும் வழவழவென்று சிமெண்ட் பூச்சு, தரையும் அதே பூச்சு என்று போட்டிருந்தார். “தம்பி, சோப்புத் தண்ணி பட்டா வயசானவங்க நிக்க முடியுமா?” என்று கேட்டேன். “மேட் பினிஷ்தானுங்க அம்மா” என்றார். மாதிரிக்குக் கொண்டுவந்த துண்டின் மேல் அரப்பைக் கரைத்து ஊற்றிக் கொடுத்து, செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நிற்கச் சொன்னேன். ஒன்றும் பேசாமல் இறங்கிவிட்டார். அதன் பிறகு நாங்கள் இரண்டு பேரும் நன்றாகவே ஒத்துப்போனோம்.

குளிக்கிற இடத்தில் பழைய கருங்கல்லையே எடுத்துப் போட்டோம். பொள்ளாச்சியில் இருந்து கல் கொத்துகிறவரை வரவழைத்து மேல்முகத்தைப் புதிதாகக் கொத்தினோம். குளிக்கும் இடத்தைத் தாண்டி, துணி மாற்றுகிற இடம் ஒரு படி உயரம். அங்கே மட்டும் சிவப்பு ஆக்ஸைடு தரை. சிவப்புத் தரைக்கு இணையான அழகு கிடையாது, தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைக்கத் துடைக்க வருஷத்துக்கு வருஷம் மெருகு ஏறும். ஆனால் சோப்புத் தண்ணீர் விழும் இடத்தில் போட்டால் வீட்டுக்கு ஒருவர் இடுப்பொடிவது நிச்சயம். கட்டுரையில் ஆத்தங்குடிக் கல்லைக் குளிக்கிற இடத்துக்கே சிபாரிசு செய்திருக்கிறீர்கள். அது சூளையில் சுடாத கல், கண்ணாடிப் பலகையின் மேல் வண்ணச் சிமெண்டை ஊற்றிக் கையால் செய்வது. அந்தக் கண்ணாடியின் வழவழப்பு அப்படியே கல்லின் முகத்துக்கு வந்துவிடும். கூடத்துக்கும் தாழ்வாரத்துக்கும் அதைவிட நல்லது இல்லை, ஈரத்தில் வேண்டாம்.

சுவருக்குச் சுண்ணாம்புதான் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். காரைக்குடிப் பக்கத்தில் இருந்து வந்த கொத்தனார் ஒருவர் செய்து கொடுத்தார். சுண்ணாம்பை முன்னதாகவே நீற்றி, தண்ணீரில் ஊறப் போட்டுவிட்டார். இன்னொரு பானையில் கடுக்காயும் கருப்பட்டியும் ஊறின. நாலைந்து நாளில் அது புளித்து ஒரு வாடை அடிக்கும், பழகிவிட்டால் பிடித்துப்போகும். அந்தத் தண்ணீரை விட்டுத்தான் சாந்தைக் குழைத்தார். ஒரு பூச்சு காய்ந்து அடுத்த பூச்சு, அதற்கு மேல் மெல்லிய பூச்சு, கடைசியில் கையடக்கமான கூழாங்கல்லால் தேய்த்துக்கொண்டே இருந்தார். அவசரப்படுத்திய என் மகனிடம், “சிமெண்ட் மாதிரி இது ராத்திரியோட ராத்திரியா இறுகாதுங்க தம்பி, காத்தைக் குடிச்சுத்தான் கல்லாகும்” என்றார். சரியாகத்தான் சொன்னார். சுண்ணாம்பு காற்றில் இருக்கும் கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு மறுபடி சுண்ணாம்புக்கல்லாக மாறித்தான் இறுகுகிறது. காரத்தன்மை இருப்பதால் புதுச் சுவரில் பூசணம் எளிதில் பிடிக்காது. ஈரத்தை வாங்கினாலும் திருப்பி வெளியே விட்டுவிடும். ஒரே எச்சரிக்கை, அதன் மேல் பிளாஸ்டிக் பெயின்ட் அடித்துவிடாதீர்கள். வாயைக் கட்டியது போல ஆகி, உள்ளே மாட்டிய ஈரம் பூச்சையே பெயர்த்துவிடும். நேரடியாகத் தண்ணீர் அடிக்கிற இடத்தில், இடுப்புக்குச் சற்று மேல் வரைக்கும், சுண்ணாம்புக்குப் பதிலாகக் கடப்பா கல் நிறுத்திவிட்டோம். கடப்பா கல்லுக்கு ஆசிட் ஆகாது. கழிப்பறை கழுவும் திரவம் தெறித்தாலும், செம்பு அண்டாவைப் புளி போட்டு அந்தக் கல் மேலேயே வைத்து விளக்கினாலும் திட்டுத் திட்டாக வெளுத்துப்போகும். விளக்கும் வேலையை வெளியே வைத்துக்கொள்ளுங்கள்.

கூரை வேண்டாம் என்று மருமகளுக்கு ஆசை. வந்து தங்குகிறவர்களுக்கு வானம் தெரிய வேண்டுமாம். தென்னந்தோப்பில் வானம் மட்டுமா விழும்? மட்டையும் நெற்றும் விழும். பேசிப் பேசி, பாதிக்கு மங்களூர் ஓடு, நடுவே நாலு கண்ணாடி ஓடு என்று முடிந்தது. சுவரின் மேல்பகுதியில் செங்கல்லை இடைவிட்டு அடுக்கிச் சல்லடை மாதிரி கட்டினோம். திருவனந்தபுரத்தில் இருந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் தாம் கட்டிய வீடுகளில் நிறையச் செய்த வேலை இது. வெளிச்சம் வரும், காற்று வரும், எட்டிப் பார்க்க முடியாது. என் மாமியார் இருந்திருந்தால் அந்தச் சுவரைத்தான் முதலில் கேட்டிருப்பார்.

பழைய துளை வழியாகத் தவளை வரும். தவளை வந்தால் அதைத் தேடிப் பாம்பும் வரும். எங்கள் வீட்டில் குளிக்கப் போகிறவர் வாசலில் நின்று ஒரு சொம்புத் தண்ணீரை வீசிவிட்டு உள்ளே போவது வழக்கம். விருந்தாளிகளிடம் அதைச் சொல்ல முடியுமா? துளைக்குத் துருப்பிடிக்காத சல்லடை, அதற்கு அடுத்து நீர் தேங்கி நிற்கும் குழாய் வளைவு (டிராப்) வைத்தோம். அதைத் தாண்டியதும் பழைய வழிதான், குளித்த தண்ணீர் கல்வாழைப் பாத்திக்கும் அங்கிருந்து வாழைக்கும் போகிறது. கழிப்பறைத் தண்ணீரை இதில் கலக்கவே கூடாது, அதற்குத் தனிக் குழாய், தனித் தொட்டி. தரை கழுவ பிளீச்சிங் பவுடர் கொட்டுகிற நாளில் பாத்திக்குப் போகும் வழியை அடைத்துவிட வேண்டும். இதையெல்லாம் ஒரு அட்டையில் எழுதி மாட்டியிருக்கிறாள் மருமகள், படிப்பவர் குறைவு.

மேலே தொங்கும் தாம்பாளம் அகலப் பூவாளி (ஷவர்) பற்றியும் கட்டுரையில் இருந்தது. ஊரகக் குடிநீர்த் திட்டமான ஜல் ஜீவன் 2019இல் வந்தபோது கிராமத்து ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று கணக்கு வைத்தார்கள். குடிக்க, சமைக்க, துவைக்க, குளிக்க எல்லாவற்றுக்கும் சேர்த்து. நகரத்துக்கு 135 லிட்டர் என்பது வழக்கமான கணக்கு. பூவாளி நிமிடத்துக்குப் பத்து லிட்டர் கொட்டுகிறது என்று வைத்துக்கொண்டாலும், ஐந்தரை நிமிடத்தில் ஒரு கிராமத்து ஆளின் ஒரு நாள் பங்கு முடிந்தது. இதில் எளிமை எங்கே இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. எங்கள் இடத்தில் குழாயும் கைப்பூவாளியும் இருக்கின்றன. ஆனால் வருகிறவர்களில் பாதிப்பேர் அண்டாவில் இருந்து சொம்பில் மொண்டு ஊற்றிக்கொள்வதைத்தான் கேட்கிறார்கள். சின்னக் குழந்தைகளை அங்கிருந்து கிளப்புவது பெரும்பாடு.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். இனி இப்படிக் கட்டுரை போடும்போது ஒவ்வொரு படத்துக்குக் கீழும் தரை எந்தப் பக்கம் சாய்கிறது, சன்னல் எங்கே இருக்கிறது, கழிவுநீர் எங்கே போகிறது என்று மூன்றே விவரம் சேருங்கள். முடிந்தால் கட்டி இரண்டு மழைக்காலம் கழித்து எடுத்த படமும் ஒன்று. கட்டிய பொறியாளரிடம் பேட்டி எடுப்பதோடு, அந்த அறையைத் தினமும் கழுவுகிறவரிடமும் இரண்டு வார்த்தை கேட்டு எழுதுங்கள். எங்கள் வீட்டில் கேட்டால், கல்லின் ஓரப் பள்ளத்தில் தலைமுடி சிக்குகிறது என்று அந்தப் பெண் புகார் சொல்வாள். அதையும் அப்படியே போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
ஆனைமலை வட்டம், கோவை மாவட்டம்.

பி.கு.: கல்தூண் வைக்க இடமில்லாதவர்கள் கைப்பிடிக் கம்பியாவது வையுங்கள். தரையில் இருந்து இரண்டே முக்கால் அடி உயரத்தில், செங்கல்லுக்குள் ஆழமாக ஆணி இறக்கி, பெரிய ஆள் ஒருவர் முழுப் பாரத்தையும் போட்டுத் தொங்கிப் பார்த்த பிறகு கொத்தனாருக்குக் கூலி கொடுங்கள். துண்டு மாட்டும் கம்பியைப் பிடித்து எழுந்து, கம்பியோடு சேர்ந்து விழுந்தவர்கள் எங்கள் சொந்தத்திலேயே இருக்கிறார்கள்.